தொட்டுக்கொள்ள

"தொட்டுக்கொள்ள என்ன?"
இருபத்திரண்டு வருடமாக
நாளைக்கு முந்நூறு தரம்
இந்தச் சன்னலில் தலையை நீட்டிக் கேட்கிறேன்.
கென்ட் ரயிலடி, டிராம் திரும்பும் வளைவு,
சக்கரம் கழற்றி நிறுத்திய என் வண்டி.
மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரித்த
உருளைக்கிழங்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.
மனிதர்கள் பிரிவது அதற்குப் பிறகு.

பெயர்கள் எனக்குத் தெரியாது.
"மயோனைஸ், அடியில், மேலே வேண்டாம்"
டிராம் ஓட்டுகிறவர்.
"கடுகு மட்டும்"
பல் மருத்துவரிடம் வேலை செய்பவள்;
மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தால்தான்
அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தமாம்.
தார்தார் சாஸ் கேட்கும் கிழவருக்கு
அதில் கிடக்கும் பச்சை மொக்கு பிடிக்காது.
ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புறாவுக்கு வைப்பார்.
புறாவுக்கும் பிடிக்காது.
மறுநாளும் தார்தார்தான் கேட்பார்.

கெட்சப்பா?
தருவேன்.
எட்டு வயதுக்குள் என்றால் சிரித்துக்கொண்டே தருவேன்.
வளர்ந்த ஆள் கேட்டால் "பிள்ளைக்கா?" என்பேன்.
"எனக்குத்தான்" என்றார் ஒருவர்,
ஐம்பது வயது, டை கட்டியவர், எந்த ஊரோ.
பின்னால் நின்ற வரிசை அமைதியானது,
தேவாலயத்தில் யாரோ ஏப்பம் விட்டதைப் போல.

வியாழக்கிழமைகளில் இருவர் வருவார்கள்.
ஒரே பொட்டலம், பெரியது.
அவனுக்கு பிக்கிள்ஸ் சாஸ்:
மஞ்சள், புளிப்பு, பொடியாக நறுக்கிய காலிஃபிளவர்.
அவளுக்கு சாமுராய்:
நாக்கைச் சுடும் செம்மஞ்சள்.
"நடுவில் கோடு போடுங்கள்" என்பாள்.
கிழங்கையே நட்டு வேலி வைப்பேன்.
நாலு கவளத்துக்குள் வேலி சாய்ந்துவிடும்.
"உன் மஞ்சள் என் பக்கம் வந்துவிட்டது."
"உன் நெருப்புதான் முதலில் தாண்டியது."
மழைக்கு என் கூரைத் துணியின் கீழ் ஒதுங்கி
ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு,
முழங்கையால் இடித்துக்கொண்டு,
தத்தம் சாஸைக் காவல் காப்பார்கள்.
மற்றவரின் சாஸை ஒருநாளும்
ருசி பார்த்ததில்லை.

ஒரு வியாழன் சண்டை.
சாஸைப் பற்றியதல்ல.
"யோரிஸ்!" என்று அவள் கத்தினாள்.
"அனெலோர, போதும்" என்றான் அவன்.
பெயர் தெரிந்துகொள்ள
அது நல்ல வழியல்ல.
பாதிப் பொட்டலம் என் மேடைமீது
ஆறிக் கெட்டியானது.

அப்புறம் இரண்டு மாதம் யாரும் இல்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவன். சின்னப் பொட்டலம்.
"தொட்டுக்கொள்ள என்ன?"
"பிக்கிள்ஸ்."
சில்லறையை எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"ஓரமாக... கொஞ்சம் சாமுராய்."
"உங்களுக்குக் காரம் ஆகாதே?"
"ஆகாது" என்றான்.
மூக்கைச் சிந்திச் சிந்தி
கடைசித் துளிவரை வழித்துத் தின்றான்.

அந்தச் சனிக்கிழமை அவள்.
சாமுராய் ஊற்றிவிட்டு, ஏனோ,
அடுத்த குழாயில் கைவைத்தபடி நின்றேன்.
"அதுவும்" என்றாள் மஞ்சளைக் காட்டி,
"சும்மா, தொட்டுப் பார்க்க."
முதல் வாய்க்கு முகம் சுளித்தாள்.
இரண்டாவதற்கும்.

திங்கள் அவன், சனி அவள். இப்போது மூன்றாவது குளிர்காலம்.
ஒரு சாஸ் தொண்ணூறு சென்ட்.
ஓரத்தில் வைப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை.
கருணை என்று நினைக்க வேண்டாம்;
அரைக் கரண்டிக்கு என் கல்லாவில் பொத்தான் இல்லை.
இவனிடம் அவளைப் பற்றிச் சொல்லலாம்.
அவளிடம் இவனைப் பற்றி.
நாக்கு நுனிவரை வருகிறது,
வரிசையில் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

நள்ளிரவில் வண்டியை அடைத்து,
தலைமுடியெல்லாம் கொழுப்பு வாசத்தோடு
வீட்டுக்குப் போவேன்.
பன்றி இறைச்சியும் சீஸும் போட்ட மக்ரோனி,
நேற்றையது, சூடாக்கி.
திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.
தொட்டுக்கொள்ள என்ன என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டால் மயோனைஸ் என்றுதான் சொல்வேன்,
இந்த ஊரில் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.
சிவப்புப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து
அடியில் ஓங்கித் தட்டுகிறேன்:
முதலில் தண்ணீர்,
பிறகு வெறும் காற்று,
பிறகு, எப்போதும் போல,
தேவைக்கு மேல்.